கதவில்லாத குழாய்

கை ஒடிந்தால் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிடலாம். கால் ஒடிந்தால் நீட்டிப் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இதயம் நொந்துபோனால் அதற்கு ஓய்வு கொடுப்பது எப்படி? மதுரை மருத்துவமனையில் டாக்டர் ஜெபக்கனி, சிவகாசியிலிருந்து திரண்டு வந்திருந்த நாற்பத்து மூன்று சொந்தக்காரர்களிடமும் இப்படித்தான் கேட்டார்.

உள்ளே படுத்திருந்தவள் சுபிக்ஷா. வயது நாற்பத்தெட்டு. ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் போனது உண்மைதான், ஆனால் போகிற போக்கில் இதயத் தசையை வீங்கவைத்துவிட்டுப் போயிருந்தது. பத்து நாள் சும்மா கிடந்தால் அந்தத் தசை தானாகவே தேறிவிடும். ஆனால் இதயம் பத்து நிமிடம் சும்மா கிடந்தாலே ஆள் காலி. இயந்திரத்தில் மாட்டினால், அதில் அடிபட்டு அடிபட்டு ரத்தம் நாலே நாளில் கெட்டுவிடும், இவளுக்கு அது தாங்காது என்றார் டாக்டர். மீதமிருந்தது ஒரே வழி. இன்னொருவருடைய இதயம் இவளுக்கும் சேர்த்து ஓட வேண்டும். இரண்டு உடம்புகளின் ரத்தக் குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிற அந்த வித்தைக்கு ‘இணை ஓட்டம்’ என்று பெயர். அது வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

நாற்பத்து மூன்று பேருக்கும் சோதனை செய்தார்கள். அண்ணன் தினகர், சித்தப்பா மக்கள், பெரியப்பா மக்கள் என்று ஒருவர் ரத்தமும் சேரவில்லை. சேர்ந்தது ஒரே ஒருத்திக்கு. அவள் இந்த வீட்டில் பிறந்தவளே இல்லை. தினகரின் மனைவி மதுநிஷா. கேட்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது, ஏனென்றால் மதினிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

மதுநிஷா கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற அச்சகம் நடத்துகிறவள். கார் தானாக ஓடுகிற, அடுப்பே பால் பொங்காமல் பார்த்துக்கொள்கிற காலத்திலும், பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து நேரில் வந்து கொடுக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லை. அதனால் அச்சகம் அமோகமாக ஓடியது. அவள் கண்ணைத் தாண்டி ஒரு புள்ளிகூடத் தப்பாகப் போகாது என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவள், தன் மகன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அத்தை பெயரைக் கோட்டைவிட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் விட்டுவிட்டது என்று மதுநிஷா சொன்னாள். சுபிக்ஷா கல்யாணத்துக்கு வரவில்லை. அப்புறம் எத்தனையோ விசேஷங்களில் இருவரும் ஒரே பந்தியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் மட்டும் பேசிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

இப்போது எல்லோரும் மதுநிஷாவைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சினார்கள். அவள் அரை மணி நேரம் நன்றாகக் கெஞ்சவிட்டாள். பிறகு, நாளைக்கு ஊர் என்ன பேசும் என்பதற்காகத்தான் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை டாக்டர் அவளைத் தனியாக உட்காரவைத்து விவரம் சொன்னார். ஜெபக்கனிக்கு முப்பத்தெட்டு வயது, நாசரேத்துக்காரப் பெண்மணி, பொறுமையாகப் பேசுகிறவர்.

“அக்கா, உங்க நெஞ்சுக்குள்ள ஒட்டிப் பிறந்த ரெண்டு பம்ப்செட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க. உடம்பெல்லாம் சுத்திக் களைச்சு வர்ற ரத்தத்த வலது பக்கத்துது வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். அங்க காத்து ஏத்திக்கிட்டு வர்றத இடது பக்கத்துது வாங்கி, உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் தள்ளும். நாலு கதவு இருக்கு, நாலும் முன்னாடி மட்டுந்தான் திறக்கும். ஒரு துளி கிளம்பிப் போயிட்டுத் திரும்பி வர ஒரு நிமிஷந்தான்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவ அடிக்கும்?”

“லட்சம்.”

மதுநிஷா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளுடைய பெரிய அச்சு இயந்திரமே முழு நாள் ஓடினாலும் அதில் பாதி அடிக்காது. அதுவும் நடுநடுவே நிறுத்தி எண்ணெய் விட வேண்டும், உருளையைத் துடைக்க வேண்டும். அப்படியானால் இது எப்போது நிற்கும், எப்போது சாப்பிடும் என்று கேட்டாள்.

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற நேரத்தில் அதன் தசையே அதன் குழாய்களை நெரித்துவிடும், அப்போது அதற்குச் சரியான சாப்பாடு கிடையாது என்றார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே கண் இமைக்கிற நேரம் ஓய்கிறதே, அந்த இடைவெளியில்தான் அது தனக்கு வேண்டிய ரத்தத்தை எடுத்துக்கொள்ளும். கல்யாண வீட்டுச் சமையல்காரர் பந்திக்கும் பந்திக்கும் நடுவே ஒரு வாய் போட்டுக்கொள்கிற மாதிரிதான். பிறப்பதற்கு முன்னாலிருந்தே அது இப்படித்தான் வேலை பார்க்கிறது. மதுநிஷா தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வருடமாக உள்ளே ஒரு ஆள் இப்படி உழைத்துக்கொண்டிருப்பது தனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை இணைத்தார்கள். பக்கம் பக்கமாக இரண்டு கட்டில். அவள் தொடையிலிருந்து இவள் தொடைக்கு, சுண்டுவிரல் தடிமனில் இரண்டு குழாய்கள். தமனியோடு தமனி, சிரையோடு சிரை. ஒன்றில் செம்பருத்திச் சிவப்பாக ரத்தம் ஓடியது, இன்னொன்றில் நாவல்பழக் கறுப்பாக. குழாய்களை அடைத்திருந்த பூட்டை அவிழ்த்ததும் மதுநிஷா தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுபிக்ஷாவின் நகக்கண்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு விரலாக நிறம் ஏறியது. வெளுத்திருந்த உதடு சிவந்தது. தான் ஒன்றுமே செய்யாமல் மல்லாந்து படுத்திருக்க, தன் நெஞ்சிலிருந்து கிளம்பிய ஒன்று இன்னொருத்தியின் விரல் நுனிவரை போய் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறது. மதுநிஷாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அடி ஆத்தி என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள்.

சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இதயத்தால் உழைப்பவர் ஒவ்வொரு நாள் காலையிலும் சாட்சி முன்னால் ‘இன்றைக்கும் சம்மதம்’ என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாலைக்குள் பிரித்துவிடுவார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தி உழைக்கவைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. மதுநிஷா அதை ஒலிபெருக்கியில் அறிவிக்கிற மாதிரி சொன்னாள். பக்கத்துக் கட்டில் என்ன, பக்கத்து வார்டுக்கே கேட்டிருக்கும். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு. சுபிக்ஷா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பார்க்க வந்த ஒரு சித்தி, வந்த வேலையை விட்டுவிட்டு அந்தப் பழைய பத்திரிகைப் பேச்சை எடுத்தாள். மதுநிஷாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது நொடிகூட ஆகியிருக்காது, பக்கத்துக் கட்டிலில் சுபிக்ஷா படபடவென்று வருகிறதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சித்தியை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் விளக்கினார். கோபமும் பயமும் வந்தால் உடம்பு ஒரு சாற்றைச் சுரந்து ரத்தத்தில் கலக்கும். இதயத்தை ஓட ஓட விரட்டுவது அந்தச் சாறுதான். இப்போது இருவருக்கும் ஒரே ரத்தம் என்பதால் ஒருத்தி கோபப்பட்டால் இரண்டு பேருக்கும் படபடக்கும். ஆகவே மனதில் எதையும் வைத்துக்கொண்டு குமையக் கூடாது. ஒன்பது வருடம் அதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய சோதனைதான்.

புதன்கிழமை மத்தியானம் சுபிக்ஷா வாயைத் திறந்தாள்.

“மதினி, என்னத்த நினைச்சு இப்படிப் பதறுறீங்க? எனக்குக் கண்ண மூட முடியல.”

ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு. மதுநிஷா பதில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தாள், ஆனால் படபடப்பைக் குழாய் காட்டிக்கொடுத்துவிடுகிறதே. அச்சகத்துப் பிள்ளைகள் ஒரு பத்திரிகையில் முகூர்த்தத் தேதியை மாற்றிப் போட்டுவிடுவார்களோ என்று கவலை என்றாள். சுபிக்ஷா போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். கேட்டார்கள். தேதி சரியாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் இரண்டு பேருமே தூங்கிப்போனார்கள்.

வியாழன் விடிகாலையில் மதுநிஷாவுக்கு நெஞ்சு கரித்தது. இடது தோளில் ஒரு பிடிப்பு. முந்தின நாள் தினகர் வாங்கி வந்த உளுந்தவடைதான் வேலையைக் காட்டுகிறது, வாயுப் பிடிப்பு, வேறொன்றுமில்லை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவைக் கட்டாத ஆள் எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? நெஞ்சு வலித்தால் முதலில் வடையைத்தான் பிடித்து விசாரிப்போம். ஓமத் தண்ணீர் கேட்டாள். நர்ஸ் அதைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட்டாள். என்னென்னவோ பார்த்தார்கள், ஒரு ஊசி போட்டார்கள், கண் அசந்துவிட்டது. ஏழு மணிக்கு எழுந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. என்னவென்று கேட்டதற்குக் கொஞ்சம் வாய்வுதான் என்றான் தினகர். அவன் கண் சிவந்திருந்தது. தங்கச்சிக்காக அழுதிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

உடம்பு அப்படி லேசாக இருந்ததாலோ என்னவோ, அன்று மத்தியானம் அவளுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சுபி, கம்ப்யூட்டர் விடல. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். உன் பேரு இல்ல. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னால் சுபிக்ஷா சிரித்துக்கொண்டே, எங்க மதினி பன்னெண்டாவதோட நின்னவங்க, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க என்று சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் எழுத்தைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அதையும் மதுநிஷா சொன்னாள். சொல்லும்போது இரண்டு கட்டில் பக்கத்திலும் துடிப்பைக் காட்டுகிற பெட்டிகள் சேர்ந்தாற்போல் கத்தின. நர்ஸ் ஓடி வந்தாள். சுபிக்ஷா ஒன்றுமில்லை என்று கையசைத்து அவளை அனுப்பினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாலைவரை அந்தப்பக்கமே பார்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலும் மதுநிஷா சம்மதம் சொன்னாள். குரல் அவ்வளவு ஓங்கவில்லை. அதற்கப்புறம் சின்னச் சின்னப் பேச்சாக ஆரம்பித்து, மருத்துவமனைச் சாம்பாரைச் சேர்ந்து திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். மதுநிஷாவுக்குத் தன் இதயத்தை நினைத்து ஒரு கர்வமும் வளர்ந்தது. ஒரு லட்சம் துடிப்பு, இரண்டு உடம்பு. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அதைப் போய் எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், என்னோடதுதான் ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு ஓடுது என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். அப்போதெல்லாம் தினகர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வான். சுபிக்ஷா, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள்.

அடுத்த திங்கட்கிழமை, எட்டாம் நாள், காலை ஏழரை மணிக்குச் சோதனை. இரண்டு நிமிடம் குழாய்களை அடைத்து, இதயம் தனியாகத் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். தாக்குப்பிடித்துவிட்டால் சுபிக்ஷா பிழைத்தாள். மதுநிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, ஏதாவது என்றால் உடனே திறந்துவிடுவார்கள் என்று தைரியம் சொன்னாள். டாக்டர் பூட்டைத் திருகினார்.

சுபிக்ஷாவின் திரையில் கோடு அழகாக ஏறி இறங்கியது. முப்பது நொடி. நாற்பது. அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று மதுநிஷா வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. நெஞ்சில் யாரோ காகிதக் கட்டை இறக்கி வைத்த மாதிரி ஒரு பாரம். விளக்கு மங்கியது. தன் பெயரைச் சொல்லிச் சுபிக்ஷா அலறுவது எங்கோ தூரத்தில் கேட்டது. அப்புறம் டாக்டர் பூட்டைத் திறந்திருக்க வேண்டும். தொடை வழியே கதகதவென்று ஒன்று ஏறி வந்து, வயிறு, நெஞ்சு, கழுத்து என்று நிரப்பிக்கொண்டே போய், கடைசியில் கண்ணைத் திறந்துவிட்டது.

மூச்சு சீரானதும் அவள் கேட்ட முதல் கேள்வி, சுபி தேறிவிட்டாளா என்பதுதான். அவங்க நல்லாத்தான் இருக்காங்க, இன்னைக்குச் சோதிச்சுப் பாத்தது உங்க இதயத்தத்தான் என்றார் ஜெபக்கனி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இனி மறைத்துப் பயனில்லை என்று ஆரம்பித்தார்.

வியாழன் விடிகாலையில் வந்தது வாய்வு இல்லை. இதயம் தனக்குச் சாப்பாடு எடுத்துக்கொள்கிற குழாய் ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது. இணைப்பதற்கு முன்பு பார்த்தபோது அந்தக் குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. உடனே கத்தி வைத்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. மெல்லக் கரைக்க மருந்து உண்டு, ஆனால் கரைகிற வரைக்கும் அந்த இதயத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் நர்ஸ் இணைப்புக் குழாயில் ஓட்டத்தை அளக்கிற மானியைக் காட்டினாள். ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“இதயத்துக்குள்ளதான் கதவு இருக்கு அக்கா. இந்தக் குழாய்ல கிடையாது. கதவு வச்சா ரத்தம் அதுல மோதிக் கட்டிக்கும். அதனால எந்தப் பக்கம் பலம் ஜாஸ்தியோ அந்தப் பக்கத்துலருந்து ஓடும். மூணு நாள் ஓய்வுலயே அவங்க தசை நாங்க நினைச்சதுக்கு மேல தேறிடுச்சு. வியாழக்கிழமையிலருந்து ரெண்டு பேருக்கும் ஓடுறது அவங்க இதயந்தான்.”

மதுநிஷா குழாய்களைப் பார்த்தாள். அதே செம்பருத்தி, அதே நாவல்பழம். எந்தப் பக்கம் போனாலும் நிறம் ஒன்றுதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நான்கு நாளாக நெஞ்சைத் தட்டிக்கொண்டு பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து காதைச் சுட்டது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பயந்தால் படபடக்கும், படபடத்தால் அடைப்புக்கு ஆபத்து, அதனால் வீட்டாரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம் என்றார் டாக்டர். தினகர் தலையைக் குனிந்துகொண்டான். நோயாளியைத் தவிர ஊர் மொத்தத்துக்கும் நோயைச் சொல்லுகிற வழக்கம் எந்தக் காலத்திலும் நம்மை விட்டுப் போகாது போலிருக்கிறது. மதுநிஷாவே தன் மாமனார் விஷயத்தில் அதைத்தான் செய்தாள், யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

அப்புறம் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. உழைக்கிற இதயம் எதுவோ, அந்த ஆளிடம்தானே தினமும் சம்மதம் கேட்க வேண்டும்?

“அவகிட்ட கேட்டீங்களா?”

“தினமும். நீங்க முழிக்கிறதுக்கு முன்னாடி.”

மதுநிஷா மனதுக்குள் நாளை எண்ணினாள். வியாழன் காலை கேட்டிருக்கிறார்கள், சரி. வியாழன் மத்தியானம்தான் அவள் அந்தக் கையெழுத்து விஷயத்தைச் சொன்னாள். மாலைவரை சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்த முதுகு கண்ணில் வந்து நின்றது.

“வெள்ளிக்கிழமை காலையிலயும் கேட்டீங்களா?”

“கேட்டேன் அக்கா.”

“என்ன சொன்னா?”

“சம்மதம்னாங்க. உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னாங்க. தெரிஞ்சா எங்க மதினி வீராப்புக்குக் குழாயப் பிடுங்கிப் போட்டுட்டுச் செத்தாலும் சாவாங்கன்னாங்க.”

மதுநிஷா அழுதாள். சத்தம் போட்டெல்லாம் இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. சுபிக்ஷா ஒன்றும் கேட்காத மாதிரி படுத்திருந்தாள்.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். முக்கால்வாசி அடைப்பு கரைந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் இணைந்திருந்தால் மதுநிஷாவுக்குக் கத்தி வேண்டாம். சுபிக்ஷா இன்றைக்கே தனியாகப் போகலாம். இருந்தால் புதிதாகத் தேறிய இதயத்துக்கு அது சுமைதான், சிறிய ஆபத்தும் உண்டு. அவள் இன்று காலையும் சம்மதம் சொல்லிவிட்டாள். ஆனால் மதுநிஷாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டபடியால், வாங்கிக்கொள்கிறவரின் சம்மதமும் இனி வேண்டும்.

அடுத்த வீட்டில் ஒரு கரண்டி காப்பித்தூள்கூட இரவல் வாங்காதவள் அவள். கொடுக்கும்போது பக்கத்து வார்டுவரை கேட்ட அந்த வார்த்தை, வாங்கிக்கொள்ளும்போது வாய்க்கே வரவில்லை. வேண்டாம், அவளை அவிழ்த்துவிடுங்கள், எனக்குக் கத்தியே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன பயம் என்றாள்.

சுபிக்ஷா இந்தப்பக்கம் திரும்பினாள்.

“மதினி, நீங்க பேசுற வீராப்பு எதுவும் குழாய் வழியா வரல. பயம் மட்டுந்தான் வருது. எனக்கு இங்க நெஞ்சு அடிச்சுக்குது.” கொஞ்சம் மூச்சு விட்டாள். “சொல்லித் தொலைங்க. இட்லி ஆறுது.”

மதுநிஷா சொன்னாள். நர்ஸுக்குக் காதில் விழவில்லை, சாட்சிக்குத் திரும்பச் சொல்ல வேண்டுமென்றாள். இன்னொரு தடவை சொன்னாள். முதலில் சுபிக்ஷாவின் திரையில் துடிப்பு இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த மதுநிஷாவுக்கு, தன் நெஞ்சும் அதன் பின்னாலேயே மெல்ல மெல்ல அடங்குவது தெரிந்தது. உள்ளே வந்துகொண்டிருந்த ஒவ்வொரு துளியும் சுபிக்ஷாவின் நுரையீரலில் காற்று வாங்கி, சுபிக்ஷாவின் நெஞ்சு தள்ளிவிட்டு வந்தது. அது அவளிடம் எதையும் கேட்காமல் கால் நகம்வரை போய்க்கொண்டிருந்தது. சுபிக்ஷா தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.